திரையில் கிளிப்பச்சை, அட்டையில் பாசிப்பச்சை: டிசைனை அச்சுக்குக் கொடுக்கும் முன்

சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் டிசைன் செய்தேன். முகூர்த்தப் புடவை கிளிப்பச்சை, கரை வாடாமல்லி. அதே இரண்டு நிறத்தில் பத்திரிகையும் வர வேண்டும் என்று கேட்டாள். திரையில் கண்ணைப் பறித்தது. அச்சடித்து வந்த கட்டைப் பிரித்தபோது பச்சை, குளத்துப் பாசி மாதிரி இருந்தது. வாடாமல்லியில் உயிரே இல்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் புடவையை எடுத்து வந்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்ப அடிக்க நாளும் இல்லை, பணமும் இல்லை.

பிரஸ்காரர் தவறு எதுவும் செய்யவில்லை. அந்தப் பச்சையை வழக்கமான நான்கு மையில் எந்த பிரஸ்ஸாலும் கொண்டு வர முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு டிசைன் செய்திருந்தால் வேறு ஒரு நல்ல பச்சையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். புதிதாக டிசைன் செய்யத் தொடங்கியிருக்கும் யாருக்கும் அப்படி ஒரு கட்டைப் பிரித்துப் பார்க்கும் நிலை வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் இதே வேலைதான்.

நிறம் ஏன் மாறுகிறது

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கூடக் கூட வெளிச்சம் ஏறி, கடைசியில் வெள்ளையாகும். இதுதான் ஆர்ஜிபி. தாளில் நடப்பது நேர் எதிர். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை விழுங்குகின்றன. மை கூடக் கூட இருட்டாகும். இது சிஎம்ஒய்கே. திரை காட்டும் சில நிறங்கள் இந்த நான்கு மைகளின் எல்லைக்குள்ளேயே வராது. கிளிப்பச்சை, ராணி பிங்க், வாடாமல்லி, பளிச்சென்ற ஆரஞ்சு, மின்னும் நீலம் எல்லாம் அந்த வகை. பட்டுப்புடவைக் கடையில் நம்மைச் சுண்டி இழுக்கும் நிறங்களில் பாதி இந்தப் பட்டியலில் இருப்பதால், பத்திரிகை டிசைன் செய்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

எண்ணில் பார்த்தால் எளிதாகப் புரியும். ஆர்ஜிபியில் 0, 255, 0 என்பது சுத்தமான பச்சை. ஃபோட்டோஷாப்பில் ஸ்வாப் என்ற ப்ரொஃபைலை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) வைத்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் சயான் 63, மஞ்சள் 100 என்று வரும். அடங்கிப்போன ஓர் இலைப்பச்சை. நீங்கள் மாற்றாவிட்டாலும் பிரஸ்ஸில் பிளேட் (ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு) போடும்போது எப்படியும் மாறத்தான் போகிறது. நம் கண் முன்னால் மாறினால் திருத்த வாய்ப்பு இருக்கிறது. அங்கே மாறினால் இல்லை.

டிசைன் தொடங்கும் முன் ஒரு போன்

வேலையை முடித்துவிட்டு பிரஸ்ஸைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. மாற்றிச் செய்யுங்கள். எங்கே அடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்து, அவர்களிடம் இதைக் கேளுங்கள்: ஆஃப்செட்டா (பிளேட் போட்டு அடிப்பது), டிஜிட்டலா (பிளேட் இல்லாமல் நேராக அடிப்பது)? என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை)? லேமினேஷன் உண்டா, மேட்டா கிளாஸா? ஃபைல் எந்த வடிவில் வேண்டும், எந்த ப்ரொஃபைலில்? பிளீடு (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் பின்னணி) எவ்வளவு?

தாளைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். ஆர்ட் பேப்பரிலும் ஆர்ட் கார்டிலும் மேல்பூச்சு இருப்பதால் மை மேலேயே நின்று நிறம் தெளிவாகத் தெரியும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும். புள்ளிகள் தாளில் பரவும். அதே படம் அதில் கொஞ்சம் இருட்டாகவும் மங்கலாகவும் வரும். கைவினைத் தாளும் சொரசொரப்பான அட்டையும் பத்திரிகைக்கு அழகுதான், ஆனால் அவற்றில் பளிச்சென்ற நிறத்தை எதிர்பார்க்க முடியாது. தாளே கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் உங்கள் வெள்ளையும் மஞ்சள்தான், ஏனென்றால் வழக்கமான நான்கு மை அச்சில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது வெறும் தாள். மேட் லேமினேஷன் நிறத்தை ஒரு படி அடக்கும். கிளாஸ் போட்டால் நிறம் ஆழமாகத் தெரியும்.

ப்ரொஃபைல் என்பது, குறிப்பிட்ட மையும் தாளும் சேர்ந்தால் எந்த எண்ணுக்கு என்ன நிறம் வரும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சிறு ஃபைல். ஃபோட்டோஷாப்பில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஸ்வாப் இருக்கும். அது அமெரிக்க அச்சு முறைக்காக உருவானது. ஜெர்மனியின் ஃபோக்ரா நிறுவனத்தின் அளவீடுகளை வைத்து உருவான ஃபோக்ரா 39 பூச்சுத் தாளுக்கும், ஃபோக்ரா 52 பூச்சில்லாத தாளுக்கும் பரவலாகப் பயன்படுகின்றன. எது வேண்டும் என்று பிரஸ் சொன்னால் அதையே வையுங்கள். "எதுவானாலும் பரவாயில்லை" என்று பதில் வந்தால், ஆர்ட் கார்டுக்கு நான் ஃபோக்ரா 39 வைத்து வேலை செய்வேன்.

திரையைக் கொஞ்சம் அடக்குங்கள்

"அச்சு இருட்டாக வந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் திரையின் அளவுக்கு மீறிய வெளிச்சம். முழு பிரைட்னெஸ்ஸில் வேலை செய்தால், நிழலான இடத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் முகம்கூடத் திரையில் நன்றாகத் தெரியும். தாளுக்கு அந்த வெளிச்சம் கிடையாது. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னெஸ்ஸைக் குறையுங்கள். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' போன்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். அளவீட்டுக் கருவி வாங்கிக் காலிபிரேட் செய்தால் இன்னும் நல்லது, ஆனால் தொடக்கத்தில் இதுவே போதும்.

போனில் நிறம் முடிவு செய்யாதீர்கள். போன் திரைகளில் பல, நிறத்தைத் தூக்கித்தான் காட்டும்.

அளவும் தெளிவும்

அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று எல்லோரும் சொல்வார்கள். ஆஃப்செட்டில் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரிசைப் புள்ளிகள் விழுகின்றன. அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விவரம் படத்தில் இருந்தால் போதும் என்பதிலிருந்து வந்த கணக்கு இது. ஆனால் 300 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. எத்தனை பிக்சல், எவ்வளவு பெரிதாக அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. 5 × 7 அங்குல அட்டைக்கு 1500 × 2100 பிக்சல் வேண்டும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீடு சேர்த்தால் சுமார் 1571 × 2171. 300 டிபிஐ படத்தை லேஅவுட்டில் இரண்டு மடங்கு இழுத்தால் அது 150 ஆகிவிடும். இமேஜ் சைஸ் பெட்டியில் 72 என்பதை அழித்து 300 என்று எழுதினால் மட்டும் படத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது.

இப்போது வாட்ஸ்அப். கல்யாண வீட்டில் பெண், மாப்பிள்ளை போட்டோ வாட்ஸ்அப்பில்தான் வரும். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி, ஜேபெக் அழுத்தமும் கூடும். 1600 பிக்சல் என்பது 300 டிபிஐயில் 5.3 அங்குலம்தான். அதில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன மிஞ்சும்? அதனால் "அதே போட்டோவை டாக்குமென்டாக அனுப்புங்க அண்ணா" என்று கேட்டு வாங்குங்கள், அல்லது போட்டோ எடுத்தவரிடமிருந்து மூல ஃபைலை வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

லோகோ, கோலம், வாழைமர ஓரவரி போன்றவை வெக்டராக (பிக்சலாக இல்லாமல் கோடுகளின் கணக்காக வரைந்தது) இருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். பிள்ளையார் படத்தை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம், பெரும்பாலும் 400 பிக்சல்தான் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். ஃப்ளெக்ஸ் பேனர் தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் முழு அளவில் 72 முதல் 100 டிபிஐ போதும்.

பிளீடு என்பது வெட்டும் கோட்டுக்கு வெளியே பின்னணி நிறம் நீள்கிற பகுதி. கட்டிங் மெஷினில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாமல் இது காப்பாற்றும். எழுத்தும் முக்கியமான படமும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். வெட்டுக்கோட்டை ஒட்டி மெல்லிய பார்டர் போடாதீர்கள். வெட்டு கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து தெரியும்.

நிறத்தை எண்ணால் எடுங்கள்

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் + ஒய் அழுத்தினால், தேர்ந்தெடுத்த ப்ரொஃபைலில் அச்சு எப்படி வரும் என்று காட்டும். கன்ட்ரோல் + ஷிப்ட் + ஒய் அழுத்தினால் அச்சில் வராத நிறங்கள் சாம்பலாக மூடப்படும். டிசைனில் எங்கெல்லாம் சாம்பல் தெரிகிறதோ, அங்கெல்லாம் அட்டை உங்களை ஏமாற்றப் போகிறது என்று பொருள். இதைத் தொடக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். கடைசியில் பார்த்தால் மனசு கேட்காது, "பரவாயில்லை, அப்படியே போகட்டும்" என்றுதான் தோன்றும்.

மஞ்சளும் குங்குமமும் நமக்கு வாகான நிறங்கள். மெஜந்தா 100, மஞ்சள் 100 என்றால் நல்ல குங்குமச் சிவப்பு. மெஜந்தா 20, மஞ்சள் 100 என்றால் மங்கலமான மஞ்சள். இரண்டே மை என்பதால் சுத்தமாக வரும். அரக்கு நிறமும் அச்சில் அழகாக வரும். புடவை நிறத்தையே கேட்டு அடம்பிடிக்கும் வீடுகளில் நான் இப்போது பின்னணிக்கு அரக்கையோ மாம்பழ மஞ்சளையோ எடுத்துக்காட்டுகிறேன். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு பச்சை வந்தால், அந்தப் பச்சை இருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும்.

நீலத்தில் ஒரு பொறி இருக்கிறது. சயான், மெஜந்தா இரண்டையும் ஒரே அளவில் ஏற்றினால் அச்சில் கத்தரிப்பூ நிறம் வந்து நிற்கும். மெஜந்தாவை சயானைவிட 30 அளவாவது குறைத்து வையுங்கள். சயான் 100, மெஜந்தா 65 என்றால் நீலம் நீலமாகவே இருக்கும்.

கறுப்பு எளிதாகத் தெரியும், ஆனால் அதிகம் பேர் சறுக்குவது அதில்தான். ஆர்ஜிபி கறுப்பை ஸ்வாப்பில் மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையும் ஏறும். கூட்டினால் 300 சதவீதம். சின்ன எழுத்துகள் இப்படி நான்கு பிளேட்டில் விழுந்தால், ரிஜிஸ்டர் (நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். எழுத்துக்கு எப்போதும் கறுப்பு 100 மட்டும். அகலமான கறுப்புப் பின்னணிக்கு அது வெளிறித் தெரியும் என்பதால் அங்கே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 வைக்கலாம். மொத்த மை ஆர்ட் தாளில் 300-ஐத் தாண்ட வேண்டாம், மேப்லித்தோவில் இன்னும் குறைவு. தாண்டினால் மை காயாமல் அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டும்.

அப்புறம், தங்கம். கல்யாணப் பத்திரிகையில் தங்க நிறம் இல்லாமல் முடியாது, நான்கு மையில் தங்கம் வரவும் வராது. திரையில் மின்னும் கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்லக் கரைவது), தாளில் கடுகு நிறமாகவோ காவியாகவோ உட்காரும். மின்ன வேண்டும் என்றால் ஃபாயில் (அழுத்தி ஒட்டும் மெல்லிய பளபளப்புப் படலம்) போட வேண்டும், அல்லது தனியாகத் தங்க மை. ஃபாயில் வர வேண்டிய பகுதியை மட்டும் தனி லேயரில், வெக்டராக, கறுப்பு 100-இல் கொடுங்கள். மயிலின் தோகையில் மயிரிழைக் கோடுகளை வைத்தால் ஃபாயில் பிடிக்காமல் விட்டுவிட்டு விழும். கோடுகளைத் தடியாக்குங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் தங்கம் மாதிரி நடிக்கும் கிரேடியன்டைவிட, ஒரே சீரான மாம்பழ மஞ்சள் எவ்வளவோ மேல்.

தமிழ் எழுத்து உடைவது

நம் வேலையில் மட்டும் வரும் சிக்கல் இது. நிறம் கொஞ்சம் மாறினால் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள், மணமகளின் பெயரில் ஒரு கொம்பு இடம் மாறினால் பொறுக்க மாட்டார்கள்.

யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால், 'கெ'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' இரண்டாகப் பிரியும். ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்புக்குள் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பேராகிராஃப் பேனலின் மெனுவில் 'அடோபி வேர்ல்ட் ரெடி பேராகிராஃப் கம்போஸர்' என்று இருக்கும்.

பல டிடிபி கடைகளில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள்தான் புழங்குகின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தை அவர்கள் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவார்கள். அப்போது அடிபடுவது கிரந்த எழுத்துகளும் 'ஸ்ரீ'யும்தான். 'ஸ்ரீ'யை யூனிகோடில் இரண்டு விதமாக உள்ளிட முடியும், சில எழுத்துருக்களில் அதில் ஒன்றுதான் ஒழுங்காகச் சேரும். 'ஜ', 'ஷ', 'ஹ' வரும் பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள்.

அடுத்தது புள்ளி. சின்ன எழுத்தைப் படமாகக் குறைந்த தெளிவில் கொடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துவிடும், 'க்' 'க' ஆகிவிடும். அடர்ந்த நிறத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் மை பரவி 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் அடைபடும். ஆங்கிலத்தில் 6 பாயின்ட் படிக்க முடிகிறதே என்று தமிழுக்கும் அதை வைக்காதீர்கள். வெள்ளை எழுத்து என்றால் 9 பாயின்டுக்குக் கீழே நான் போவதில்லை, அதிலும் தடித்த எழுத்துருவாகப் பார்த்து எடுப்பேன். எழுத்து எப்போதும் வெக்டராகவே போகட்டும்.

எல்லாம் சரிபார்த்த பிறகு எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றுங்கள். கோரல் டிராவில் கன்ட்ரோல் + க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஷிப்ட் + ஓ. அப்போது பிரஸ்ஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. மாற்றும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். மாற்றிய பிறகு முகூர்த்த நேரம் தப்பு என்று யாராவது கண்டுபிடிப்பார்கள்.

எக்ஸ்போர்ட்

அச்சுக்கு பிடிஎஃப் கொடுங்கள். பிஎன்ஜியில் சிஎம்ஒய்கேவே கிடையாது. ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கெடும், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனில் பிடிஎஃப்-எக்ஸ் 4 என்ற அமைப்பு நல்ல தேர்வு. பழைய மென்பொருள் வைத்திருக்கும் பிரஸ் என்றால் பிடிஎஃப்-எக்ஸ் 1ஏ கேட்பார்கள். அதில் எல்லாம் சிஎம்ஒய்கேவாக மாறி, ஊடுருவித் தெரியும் நிழல்கள் தட்டையாகிவிடும். பிளீடு, கிராப் மார்க் (வெட்டும் இடத்தைக் காட்டும் குறி) இரண்டையும் டிக் செய்ய மறக்காதீர்கள். கேன்வாவில் 'பிடிஎஃப் ஸ்டாண்டர்ட்' திரைக்கு, 'பிடிஎஃப் பிரிண்ட்' அச்சுக்கு. சிஎம்ஒய்கே தேர்வு கட்டணக் கணக்கில்தான் கிடைக்கும்.

ஃபோட்டோஷாப்பில் 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' வேறு, 'அசைன் ப்ரொஃபைல்' வேறு. முதலாவது, நிறத்தின் தோற்றத்தை முடிந்தவரை காப்பாற்றி எண்களை மாற்றும். இரண்டாவது, எண்களை அப்படியே விட்டு, அவை எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்பதை மட்டும் மாற்றும். சிஎம்ஒய்கேவுக்குப் போக உங்களுக்கு வேண்டியது முதலாவது. பட்டுப்புடவைப் படம் என்றால் 'பெர்செப்சுவல்' என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள், மடிப்புகளின் நிழல் கெடாமல் வரும்.

ஒரு விதிவிலக்கு. வீட்டு இங்க்ஜெட்டுக்கும் போட்டோ லேபுக்கும் சிஎம்ஒய்கே கொடுக்கக் கூடாது. அவை எஸ்ஆர்ஜிபியை (வழக்கமான ஆர்ஜிபி ப்ரொஃபைல்) எதிர்பார்க்கின்றன. வீட்டு பிரிண்டரில் நிறம் விபரீதமாக வந்தால், ஃபோட்டோஷாப்பும் பிரிண்டர் டிரைவரும் இரண்டு பேருமே நிறத்தைத் திருத்துகிறார்களா என்று பாருங்கள். ஒன்றை அணைத்தால் சரியாகும்.

எக்ஸ்போர்ட் செய்த பிடிஎஃப்பை மூடிவிட்டு, புதிதாகத் திறந்து 400 சதவீதம் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். அக்ரோபேட் ப்ரோ இருந்தால் 'அவுட்புட் ப்ரிவியூ'வில் ஒவ்வொரு மையையும் தனியாக அணைத்துப் பார்க்கலாம். கறுப்பை அணைத்ததும் எழுத்து முழுவதும் மறைந்தால், அது ஒரே பிளேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எழுத்தின் சாயல் மிஞ்சினால் திரும்பப் போய்த் திருத்துங்கள். வெள்ளை எழுத்து ஏதாவது காணாமல் போகிறதா என்றும் இதே இடத்தில் பாருங்கள். கீழே இருக்கும் நிறத்தை நீக்காமல் அதன்மேலேயே அடிக்கச் சொல்லும் ஓவர்பிரிண்ட் என்ற அமைப்பு வெள்ளை எழுத்துக்கு இருந்தால் திரையில் இருக்கும், அச்சில் இருக்காது.

ப்ரூஃப்

அதே தாளில் ஒரு ப்ரூஃப் (மொத்தமும் அடிக்கும் முன் எடுக்கும் மாதிரி அச்சு) கேளுங்கள். டிஜிட்டல் ப்ரூஃபும் ஆஃப்செட்டும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது, ஆனால் பெரிய அதிர்ச்சி எதையும் இதிலேயே பார்த்துவிடலாம். கடையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் வேண்டியபடி இருந்தால் அந்த அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவர்களிடமே கொடுங்கள். மெஷினில் இருப்பவருக்கு உங்கள் திரை தெரியாது, இந்த அட்டை தெரியும்.

வாசகத்தை வீட்டில் மூத்தவர் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் கையெழுத்துப் பிரதியை வைத்து ஒப்பிடுங்கள்.

ஃபைலை அனுப்பும்போது நான் கூடவே எழுதும் குறிப்பு இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் அண்ணா. பத்திரிகை, வெட்டிய அளவு 5 × 7 அங்குலம், நான்கு பக்கமும் பிளீடு 3 மி.மீ. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். நான்கு கலர், ஃபோக்ரா 39. இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கறுப்பு வடிவம் அச்சுக்கு அல்ல, தங்க ஃபாயிலுக்கு. எழுத்து எல்லாம் கர்வ்ஸ், கறுப்பு மட்டும். நிறத்தை அங்கே மாற்ற வேண்டாம். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் பிளேட் போடும் முன் கூப்பிடுங்கள்."